பாஸான வருடம்

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து முப்பது வருடம் ஆகிவிட்டது என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருத்தி கணக்குப் போட்டுச் சொன்னதில் ஆரம்பித்தது இது. ஹால் நான் பார்க்கிறேன் என்றார் ஒருவர், கேட்டரிங் என் மச்சினன் பார்த்துக்கொள்வான் என்றார் இன்னொருவர், பெண்கள் எல்லோருக்கும் ஒரே கலரில் புடவை என்று ஒருத்தி போட்ட மெசேஜுக்கு மட்டும் நாற்பது பதில் வந்தது. அப்புறம் மலர் ஒன்று அச்சடிக்க வேண்டும் என்று முடிவானபோது என் பெயரை டேக் பண்ணிவிட்டார்கள். குழுவை நடத்துகிற அக்கா போனும் செய்தார். எங்கள் பேட்ச்தான், ஆனால் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர், அதனால் அன்றும் அக்கா, இன்றும் அக்கா. "நம்ம யூனிவர்சிட்டியில படிச்ச பெரிய ஆளுங்க, ப்ரொஃபசருங்க, அவங்க சாதனை எல்லாம் ரெண்டு பக்கம் எழுதிக் குடுடி. உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். சென்னைப் பல்கலைக்கழகம், தோற்றம் 1857. சர் சி. வி. ராமன், மாநிலக் கல்லூரி, நோபல் 1930. அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர், அதே கல்லூரி, நோபல் 1983. எஸ். ஆர். எஸ். வரதன், அதே கல்லூரி, ஏபெல் பரிசு 2007. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, 1912ல் மருத்துவப் பட்டம், 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இப்படியே போனது. படித்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையில் மாமா, சித்தப்பா பெயருக்குப் பின்னால் பி.ஈ., எம்.எஸ். என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஊர் போடுவார்களே, அந்த மாதிரி இருந்தது. மகளிடம் காட்டினேன். "அம்மா, இது விக்கிப்பீடியாவிலேயே இருக்கே" என்றாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரிதான்.

சரி, மறுபடியும் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பரிசு வாங்கியவர்கள் யாருமில்லை. ஏ. லலிதாவின் பட்டச் சான்றிதழ்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று இப்போது நிறையப் பேருக்குத் தெரியும். கிண்டி பொறியியல் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நாலு மாதக் குழந்தை. 1930களின் கடைசி. அந்தக் காலத்தில் அந்த வயதில் விதவையான பெண்ணை என்ன செய்வார்கள் என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள், நான் எழுத வேண்டாம். லலிதாவின் அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார். மருத்துவம் படிக்கலாம், பெண்கள் அதை ஏற்கெனவே படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் டாக்டரானால் நடுராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும், இன்ஜினியர் என்றால் காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம் என்று லலிதா யோசித்திருக்கிறார். நாட்டின் முதல் பெண் பொறியாளர் உருவானதற்கு ஒரு காரணம், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்கிற கேள்வி. இதை எந்த மலரிலும் போட மாட்டார்கள்.

கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோ ஒப்புக்கொள்ள, 1940ல் மின்பொறியியலில் சேர்ந்தார். வளாகம் முழுக்க ஆண்கள். மகள் தனியாக இருக்கிறாளே என்று அப்பா வேறு பெண்களையும் சேர்க்கச் சொல்லிக் கல்லூரியைக் கேட்டுக்கொள்ள, சிவில் பிரிவில் இரண்டு பேர் வந்தார்கள். லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா. இருவரும் லலிதாவுக்கு ஒரு வருடம் ஜூனியர், ஆனால் உலகப் போர் காரணமாகப் படிப்பைக் கொஞ்சம் சுருக்கியதில் மூன்று பேரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். திரேசியா பிறகு கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி எடுத்தார், சிம்லாவில் கொஞ்ச நாள் வேலை, பிறகு கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் பல வருடம், பக்ரா நங்கல் அணையின் மின்வேலைகளிலும் அவர் பங்கு உண்டு. 1964ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது போய் வந்தார்.

சான்றிதழுக்கு வருகிறேன். பல்கலைக்கழகம் அச்சடித்து வைத்திருந்த படிவத்தில் ஆங்கிலத்தில் 'அவன்' என்றுதான் இருந்தது. வேறு மாதிரி ஒரு படிவம் தேவைப்படும் என்று யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. அதனால் 'ஹீ' என்ற அச்செழுத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, 'ஷீ' என்று கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த குமாஸ்தா அடித்தார், என்ன நினைத்துக்கொண்டு அடித்தார் என்பதெல்லாம் போயே போய்விட்டது, கோடு மட்டும் இருக்கிறது. எனக்கு அந்தக் கோடு மேல் ஒரு பித்து. நோபல் பதக்கத்தின் பக்கத்தில் அந்தச் சான்றிதழையும் வைத்தால் நான் இதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு முன்னாலும் ஒரு முறை இப்படிக் கோடு அடித்திருக்கிறார்கள், 1913ல். ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும், கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது, கப்பல் ஏறியது. தெரிந்த கதையில் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிற இடம் ஒன்று உண்டு, அது இங்கே சேப்பாக்கத்தில் நடந்தது. கும்பகோணத்தில் எஃப்.ஏ., அதாவது இன்டர்மீடியட், ஃபெயில். சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்து மறுபடியும் ஃபெயில். கணக்கில் புலி, உடலியல் பாடத்தில் அதலபாதாளம். 1912ல் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தா. அடுத்த வருடம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஏதாவது உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலை படித்தவர்களுக்கு. இவரோ இன்டர்மீடியட்டே தாண்டாதவர். விதிப்படி முடியாது என்று சொல்லிவிட்டு எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதன் சட்டத்தின் முன்னுரையிலேயே இருக்கிறதே என்று எடுத்துக்காட்டி, மாதம் எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தார்கள். துறைமுகச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு மூன்று அறிக்கை கொடுத்தார், 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். பட்டம் கடைசியில் கேம்பிரிட்ஜ்தான் கொடுத்தது, 1916ல், ஆராய்ச்சிக்காக ஒரு பி.ஏ.

அவர் ஃபெயிலான கல்லூரியும் இன்று அவரைத் தன் பழைய மாணவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. தப்பில்லை. நானும்தான் சொல்லிக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் வரை போய் இறங்கி, கடற்கரைச் சாலையில் மெட்ரோ தடுப்புகளை ஒட்டி நடந்தேன். எழுதுவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பது வீட்டில் சொன்ன காரணம், சுண்டல் நிஜக் காரணம். செனட் ஹவுஸ் ராபர்ட் சிஸம் கட்டியது, 1879ல் முடிந்தது. அதைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே வந்தால் மாநிலக் கல்லூரி, அங்கே கடலைப் பார்த்தபடி உ.வே.சா. சிலை. வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார். 1903லிருந்து 1919 வரை அந்தக் கல்லூரியில் தமிழாசிரியர். அவரும் கல்லூரிப் படிக்கட்டு ஏறிப் பட்டம் வாங்கியவர் இல்லை, படித்தது திருவாவடுதுறையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932ல், அவருக்கு எழுபத்தேழு வயதானபோது.

இதில் எனக்குப் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டு பேர், இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை அரசாங்க உத்தியோகம், வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி என்று எங்கெங்கோ இருந்துகொண்டே ஏடு தேடி அலைந்து தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார். கலித்தொகை வந்தது 1887. உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி வந்ததும் அதே 1887. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியும், பட்டமே இல்லாத ஒருவரும், செல்லரித்த ஓலையை வைத்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆசிரியர்கள் பற்றியும் எழுதச் சொன்னாரே அக்கா. லயோலாவில் ஃபாதர் ராசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1939லிருந்து கணக்கு சொல்லிக்கொடுத்தார். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் எல்லாம் அவரிடம் படித்தவர்கள், 1965ல் இருவர் பெயரையும் சேர்த்து ஒரு தேற்றம் வந்தது, உலகம் முழுக்கக் கணிதக்காரர்களுக்குத் தெரியும். ராசீன் பெயர் பரிசுப் பட்டியல் எதிலும் வராது. அவரைப் பற்றி நான் எழுதினால் கணக்கு தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் என் மகளுக்குத் தெரிந்த ஒருவருக்குப் போகிறேன்.

மகள் பயோடெக் படிக்கிறாள். ஒரு நாள் லேப்டாப்பில் நாலு கட்டமாகப் பிரித்த சதுரம் ஒன்று, அதில் மூலைக்கு மூலை கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள். என்னது என்றேன். "ராமச்சந்திரன் பிளாட்மா. புரோட்டீன் மாடல் சரியா இருக்கான்னு பாக்கறது." எந்த ராமச்சந்திரன் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வெளிநாட்டில் யாரோ செட்டிலான ராமச்சந்திரன் என்று நினைத்திருக்கிறாள். நம் கிண்டி வளாகத்து ராமச்சந்திரன்டி என்றேன், நம்பவில்லை.

ஜி. என். ராமச்சந்திரன் 1952ல் முப்பது வயதில் இங்கே இயற்பியல் பேராசிரியராக வந்தார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், யாரைப் போடலாம் என்று சி. வி. ராமனிடம் கேட்க, அவர் தன் மாணவரைக் காட்டினார். (முதலியார் ஒரு பிரசவ மருத்துவர், இருபத்தேழு வருடம் துணைவேந்தராக இருந்தார். மூன்று வருடம் ஓட்டுவதே பெரும்பாடாக இருக்கிற காலத்தில் இதை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.) வந்த உடனே ராமச்சந்திரன் கையில் எடுத்தது கொலாஜன், தோலிலும் தசைநாணிலும் இருக்கிற புரதம். தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காரு வால் தசைநாணை வைத்து எக்ஸ்ரே படம் எடுத்து, மூன்று சங்கிலிகள் ஜடை பின்னின மாதிரி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954லும் 1955லும் நேச்சர் இதழில் எழுதினார். அந்த 1955லேயே ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், ஜடை சரி, ஆனால் உங்கள் மாடலில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று குட்டு வைத்தார்கள்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம்? யார் அளந்தது? ராமச்சந்திரன் பதிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், அதுவரை தெரிந்த படிகங்களில் எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு தூரம் வரை கிட்டே வருகிறது என்று சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் என்ற இரண்டு பேரோடு உட்கார்ந்து கணக்கெடுத்தார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில் திரும்பலாம், அந்த இரண்டு கோணத்துக்கும் ஃபை, சை என்று பெயர். எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் இடிக்கும், எதில் இடிக்காது? ஷேர் ஆட்டோவில் எதிரும் புதிருமாக எட்டு பேர் உட்காரும்போது முட்டியை எந்தப் பக்கம் திருப்பினால் எதிராளி முட்டியில் படாது என்று நாம் போடுகிற கணக்குதான், இவர்கள் அதைப் புரதத்துக்குப் போட்டார்கள். முழங்கால் மடங்குகிற விதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறதல்லவா, அதனால் மொத்தச் சதுரத்தில் கொஞ்சம் இடம்தான் தேறும், மிச்சமெல்லாம் இடி. 1963ல் வெளிவந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த லேபில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அந்தச் சதுரத்தில் புள்ளி வைத்துச் சரிபார்க்கிறார்கள், கிரிக் வைத்த குட்டிலிருந்து வந்தது அது. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. அதனால்தான் என் முதல் பட்டியலில் அவர் பெயர் வரவே இல்லை, அது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இனி எங்கள் பாடம், தாவரவியல். மதுரவாயல்.

பைபாஸ் வழியாகப் போகிறவர்களுக்கு மதுரவாயல் என்றால் டிராஃபிக். எங்களுக்கு அங்கே பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் கள ஆய்வகம் இருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு நாள் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் மேடம் மருந்துச் செடிப் பாத்திகளைக் காட்டிக்கொண்டே, ஜானகி அம்மாள் கடைசி வரை இங்கேதான் இருந்தார் என்றார். ஈ. கே. ஜானகி அம்மாள், தலச்சேரியில் 1897ல் பிறந்து, சென்னையில் ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகனில் 1931ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோயம்புத்தூரில் கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலப்பினம் செய்து பார்த்தவர். இங்கிலாந்துக்குப் போய் 1945ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை எல்லாம் ஒரே புத்தகமாகத் தொகுத்தவர். அவர் பெயரில் ஒரு மக்னோலியாவே இருக்கிறது. நேரு கூப்பிட்டுத் திரும்பி வந்து, பெரிய பதவிகள் எல்லாம் பார்த்து, வயது எழுபதைத் தாண்டிய பிறகு மதுரவாயலில் இந்தச் செடிகளோடு தங்கிவிட்டார். எண்பது வயதைத் தாண்டியும் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் இங்கேயே இறந்தார்.

இவ்வளவும் மேடம் சொல்லியிருப்பார். எங்கள் காதில் ஏறவில்லை, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். எனக்கு அடுத்த ரோல் நம்பர்காரி. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து சர்ப்பகந்தி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது அவளுக்கு ஐந்து மாதம். முதல் வருடம் முடிந்த லீவில் கல்யாணம் ஆகியிருந்தது.

குழந்தை பிறந்த பிறகு அட்டண்டன்ஸ் இல்லை. எவ்வளவு ஷார்டேஜ் என்பது இப்போது மறந்துவிட்டது, கொஞ்சம்தான் என்று ஞாபகம். காண்டோனேஷன், அதாவது அட்டண்டன்ஸ் குறைவை மன்னிக்கக் கட்டுகிற பணம், அதைக் கட்டித் தேர்வு எழுதலாம் என்று யாரோ சொல்ல, குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வந்தாள், நானும் கூடப் போனேன். கல்லூரி பெயர் வேண்டாம், அந்த அறையில் இருந்தவர் பெயரும் வேண்டாம். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "படிக்கிற காலத்துல படிக்கணும்மா. அடுத்த வருஷம் ரீ-ஜாயின் பண்ணிக்கோ." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றும் சொல்லாமல் கூடவே நின்ற என் மேல்தான் எனக்கு இன்னும் அதிகக் கோபம். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது அவள் ரவிக்கை பால் கட்டி நனைந்திருந்தது, என் துப்பட்டாவை வாங்கிப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். ரீ-ஜாயின் பண்ணவில்லை.

இப்போது பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறாள். ரோஜா, குரோட்டன்ஸ் எல்லாம் முன்வரிசையில், அவை விற்பதற்கு. பின்னால் நிழல்வலைக்குக் கீழே சர்ப்பகந்தி, சிறுகுறிஞ்சான், நிலவேம்பு, ஆடாதோடை, தாவரவியல் பெயர் எழுதிய தகரச் சீட்டோடு. எழுத்துப் பிழை ஒன்று கிடையாது. சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஸ்பெசிமென் கேட்டு வருவார்களாம், காசு வாங்க மாட்டாளாம்.

வாட்ஸாப் குழுவில் அவள் இல்லை. யாரும் விரட்டவில்லை, சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். குழுவின் பெயரே பாஸான வருடத்தோடுதான் ஆரம்பிக்கிறது.

அக்காவிடம் கேட்டேன். "அவ முடிக்கலையேடி" என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஃபார்ம் ஃபில் பண்ணு, பேட்ஜ் அடிக்கணும்" என்றார். கூகுள் ஃபார்மில் பெயர், ஊர், போன் நம்பர், பாஸான வருடம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன், சிவப்பு எழுத்தில் கட்டாயம் நிரப்பவும் என்றது. ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், எண்தான் வேண்டுமாம். என்னுடைய வருடத்தையே போட்டு அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"பொய் எழுதியிருக்கியா? நான் பாஸே ஆகலியேடி."

"யாரும் கேக்க மாட்டாங்க. நீ வா."

பின்னால் ட்யூப்பில் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. யாரையோ, அந்தத் தொட்டிக்கு அவ்வளவு ஊத்தாதே என்று அதட்டினாள்.

"ஒரே கலர் புடவையெல்லாம் என்னால முடியாது. சாப்பாடு என்ன, வெஜ்ஜா?"

"மட்டன் பிரியாணின்னு சொன்னாங்க."

"அப்ப வர்றேன்."